பட்டன் போனுக்கும் வந்திருக்கும்

பொதட்டூர்பேட்டைப் பக்கம் எங்கள் ஊர். பயிர் பார்ப்பது நான். கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை.

அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு, ஆன்லைனில் பதிய இ-சேவை மையத்துக்கு ஓடினேன்; பதிந்தால்தான் எடை போடுவார்கள். வானம் கறுத்திருந்தது.

"ஓடிபி இன்னாக்கா?" என்றாள் அங்கிருந்த பெண்.

அது கணவர் போனுக்குப் போயிருந்தது. போனைக் கம்பெனி கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள்; ஷிப்ட் முடிந்தால்தான் தருவார்கள். திரும்பத் திரும்ப அடித்தும் யாரும் எடுக்கவில்லை.

"பட்டா, ஆதாரு எல்லாம் என் பேர்லதாம்மா கீது. மழ வந்துக்கினு கீது, எப்டியாவது போடும்மா," என்று அழுதேன்.

"அப்புறம் ஏன்க்கா போன தடவ பதியும்போது அவரு நம்பரக் குடுத்த?"

"என்னுது பட்டன் போனாச்சே!"

"அதுக்கும் வரும்க்கா. இப்ப இதுல நம்பர மாத்தணும்னாலும் அவரு போனுக்குத்தான் ஓடிபி போவும்."

ஷிப்ட் முடியுமுன்பே மழை கொட்டியது. தார்ப்பாய் போதவில்லை. நனைந்ததை வாங்க மறுத்துவிட்டார்கள்; நாலு மாதம் பாடுபட்ட நெல் சில நாளில் குவியலிலேயே முளைவிட்டது.

இப்போது எல்லாப் பதிவிலும் என் நம்பர்தான். அந்தப் பட்டன் போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சேற்றில் இறங்கும்போதும் இடுப்பில் செருகிக்கொள்கிறேன்.