மோரும் பால்தான்

முழங்காலில் மாற்றி வைத்த மூட்டில் சீழ் பிடித்துவிட்டது. டாக்டர் திறந்து கழுவிவிட்டு, மருந்துக்குக் கேட்காவிட்டால் மூட்டையே கழற்ற வேண்டிவரும் என்றார். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கம்பத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவன் நான். ஓரிடத்தில் இருந்து பழக்கமில்லை. தேனி ஆஸ்பத்திரியில் கையில் ஊசியோடு, பாட்டிலில் மருந்து சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தது நரகம். வருகிற நர்ஸிடமெல்லாம், "எப்பம்மா விடுவாக?" என்று நச்சரித்தேன்.

ஒருநாள் டாக்டரே, "இனி ஊசி வேணாம். உங்களுக்கு வந்திருக்கிற கிருமிக்கு மாத்திரையும் ஊசி அளவுக்குக் கேக்கும். வீட்டுக்குப் போகலாம். பால் மட்டும் கூடாது" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. என் மனைவிக்குத்தான் முகம் சுருங்கிப்போனது.

"தலைவலிக்குப் போடுறதுதான சார் மாத்திரை? எலும்புக்குள்ள இருக்கிறதுக்கு ஊசிதான கேக்கும்? இன்னும் கொஞ்ச நாளு ஏத்துங்க" என்று மல்லுக்கு நின்றாள். நான்தான் பிடிவாதமாகக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு இன்னொரு கவலை. இவ்வளவு வீரியமான மாத்திரை சூடாயிற்றே, உடம்பு தாங்குமா? ஒவ்வொரு வேளையும் மாத்திரையோடு ஒரு செம்பு மோர் வந்தது. நானும் ருசித்துக் குடித்தேன்.

ஆனால் முழங்கால் மறுபடி வீங்கியது. ரத்தப் பரிசோதனையிலும் கிருமி அடங்கியதாகத் தெரியவில்லை.

"அன்னைக்கே சொன்னேன்ல சார், மாத்திரை கேக்காதுன்னு!" என்றாள் டாக்டரிடம்.

"எதுல முழுங்குறாரு?"

"பாலு கூடாதுன்னீக. டீயக்கூட நிப்பாட்டிட்டேன். சூடு தணியட்டும்னு மோருலதான் குடுக்கேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மோரும் பால்தாம்மா. அது மருந்தை ரத்தத்துல சேரவிடாமப் பிடிச்சு வச்சுக்கும். இனி தண்ணியில குடுங்க. அப்பவும் அடங்கலைன்னா மூட்டைக் கழத்தணும்."

அவள் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அழுதுவிட்டாள். "ஒங்க கால நானேல்ல கெடுத்துட்டேன்."

"கெடுக்கணும்னா குடுத்த? விடு" என்றேன்.

அடுத்த வாரம் மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். இப்போது வீட்டில் மோரே கிடையாது. தண்ணீரை நீட்டிவிட்டு, நான் மாத்திரையை விழுங்கியதும் முழங்காலில் கை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்க்கிறாள். ஓரிடத்தில் இருக்கத் தெரியாத நான், அவள் கையை எடுக்கும்வரை அசைவதில்லை.