அந்தக் கைதட்டல் ஸ்டெல்லா சிஸ்டருக்கு உரியது

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பால் வாங்கக் கீழே இறங்கினேன். வாட்ச்மேன் முருகேசன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, "சார், சிஸ்டர் போய்ட்டாங்க" என்றார்.

"என்ன இவ்வளவு சீக்கிரம்? மழை வேற தூறுதே" என்றேன்.

"இல்ல சார். அவங்க தங்கச்சியம்மா காபி எடுத்துனு போய் எழுப்பியிருக்காங்க. எழுந்திருக்கவே இல்லயாம்."

சிஸ்டரின் பச்சை லேடீஸ் சைக்கிள் அதன் இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். அவரைப் பற்றி "போய்ட்டாங்க" என்று யாராவது சொன்னால், வேலைக்குப் போய்விட்டார் என்ற ஒரே அர்த்தம்தான் எனக்குப் பழகியிருந்தது.

மாடம்பாக்கத்தில் நம் குடியிருப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டெல்லா சிஸ்டர் நர்ஸாக இருந்தவர். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் உள்ள ஒரு மருத்துவமனைக்கு வருஷக்கணக்காகச் சைக்கிளிலேயே போய் வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் வாரம் மூன்று நாள் போனார். நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்பதால் இந்த அஞ்சலிக் குறிப்பை என்னிடம் எழுதச் சொன்னார்கள். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். 'அன்னார்' என்று ஆரம்பித்தால், "யார் சார் அது?" என்று அவர் கேட்பதுபோல் இருந்தது.

எங்கள் பழக்கம் ஒரு நோட்டீஸில் ஆரம்பித்தது. அவருக்குக் கார் இல்லை. கார் நிறுத்த அவருக்கு ஒதுக்கிய இடத்தில், நம் வீடுகளுக்கு வேலைக்கு வருபவர்கள் தங்கள் சைக்கிள்களை நிறுத்த விட்டிருந்தார். ஏழெட்டு சைக்கிள்கள் நிற்கும். நான் கல்லூரியில் நூலகராக இருந்தவன். எதுவும் அதனதன் இடத்தில் இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 'ஓர் இடத்தில் ஒரு வண்டி மட்டுமே' என்ற விதியைச் சுட்டி நோட்டீஸ் அனுப்பினேன். அன்று மாலையே அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சார், கேட்டுல வண்டி நம்பர் எழுதுற நோட்டு நீங்க போட்டதுதானே? அதுல சைக்கிளுக்கு ஒரு கட்டம் கூட இல்ல. அங்க என் சைக்கிள் வண்டி இல்ல, இங்க மட்டும் வண்டியா? ரெண்டுல ஒண்ண முடிவு பண்ணுங்க. நான் கீழ்ப்படியுறேன்."

இரண்டு நாள் யோசித்தேன். அவர் சொன்னதுதான் சரி. நோட்டீஸைத் திரும்பப் பெறும் கடிதத்துக்கு நான்கு வரைவுகள் எழுதினேன்.

இன்னொரு நாள் ஊரப்பாக்கத்தில் ஒரு கல்யாணம். மின்சார ரயிலில் போகலாம் என்று ஸ்டேஷன் வரை காரை எடுத்தேன். நானும் அவரும் ஒரே நேரத்தில்தான் வாயிலைத் தாண்டினோம். அவர் உள்தெருக்கள் வழியாகத் திரும்பினார். நான் கேம்ப் ரோடு நெரிசலில் நின்று நின்று போனேன். ஸ்டேஷன் பக்கம் காரை நிறுத்த இடம் தேடி மூன்றாவது சுற்று வந்தபோது, டீக்கடை வாசலில் டம்ளரோடு நின்றிருந்த சிஸ்டர் கையை ஆட்டினார். "இன்னும் தாம்பரம் வரலியா சார்?"

இனி எழுதப்போவதை நான் தள்ளிப்போட்டே வந்திருக்கிறேன்.

ஒரு மாலை, ஆறு மணி இருக்கும். காரை வாயிலுக்குள் திருப்பும்போது, மூன்றாம் மாடியில் சமையல் வேலை செய்யும் அமுதாவின் சைக்கிளில் மோதினேன். அவர் குதித்துவிட்டார். முன்சக்கரம் வளைந்துபோயிற்று. "திடீர்னு குறுக்க வந்துட்டா" என்று சொன்னேன். உங்களில் சிலர் அங்கே இருந்தீர்கள், அமுதாவைத்தான் கடிந்துகொண்டீர்கள். "நா ஓரமா மெதுவாதான் சார் வந்துகினு இருந்தேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. சிஸ்டர் தன் சைக்கிளை அமுதாவிடம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் ஷேர் ஆட்டோவில் போனார்.

மோதிய மறுநாள் காலையே சிஸ்டர் என்னை மொட்டை மாடிக்கு வரச் சொன்னார். "நேரா அந்த தண்ணி டேங்கையே பாருங்க சார். திரும்பக் கூடாது. நான் பக்கத்துல கைய நீட்டுவேன், தெரிஞ்சா சொல்லுங்க." என் இடப்பக்கம் போய் நின்றார். நான் தொட்டியைப் பார்த்தபடி சிறிது காத்திருந்தேன். பிறகு, "தெரியுது" என்றேன்.

"கைய நான் நீட்டவே இல்ல சார்."

பள்ளிக்கூடத்தில் கூட நான் பார்த்து எழுதி மாட்டியதில்லை. எழுபத்திரண்டு வயதில் அன்றைக்கு மாட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. அந்த வாரமே தன்னோடு கண் மருத்துவரிடம் அழைத்துப் போனார். பக்கப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது, போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார்கள். திரும்பும் வழியில் ஆட்டோவில் சிஸ்டர் ஒன்றே ஒன்று சொன்னார்: "சாவிய நான் புடுங்க மாட்டேன் சார். நீங்களே வெச்சுடுங்க."

காரை விற்றேன். என் இடத்தையும் சைக்கிள்களுக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நடந்த ஆண்டுக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். 'சுற்றுச்சூழலுக்காக இந்த வயதில் காரைத் துறந்தவர்' என்று எனக்குச் சால்வை போர்த்தினீர்கள். நானும் இரண்டு வார்த்தை பேசினேன். புகை, நெரிசல் என்று ஏதோ சொன்னேன். எல்லோரும் கைதட்டினீர்கள். கடைசி வரிசையில் சிஸ்டரும் தட்டினார்.

படிக்கட்டில் அவரைப் பிடித்து, "எல்லாருக்கும் சொல்லிடறேன் சிஸ்டர்" என்றேன்.

"எப்ப முடியுதோ அப்ப சொல்லுங்க. ஆனா அமுதாகிட்ட மொதல்ல." அதன் பிறகு இரண்டு வருஷம் அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

என் பேச்சைக் கேட்டு இரண்டு குடும்பங்கள் தங்கள் இரண்டாவது காரை விற்றன. அதைச் சொன்னபோது சிஸ்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பரவால்ல சார், உங்க பொய் நம்மூரு ரோட்டுக்கு நல்லது பண்ணுது."

சனிக்கிழமைதோறும் மார்க்கெட்டுக்கு என்னோடு வருவார். ஏறி மிதித்தால் ஐந்து நிமிஷத்தில் போய்விடக்கூடியவர், எனக்காகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடப்பார். என் பை அவர் கேரியரில் இருக்கும். காரில் போன காலத்தில் அந்த வழியில் ஒரு கடையின் பெயர் கூட எனக்குத் தெரியாது. இப்போது தையற்கடைக்காரர் என் முழங்கால் வலியை விசாரிக்கிறார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அமுதாவைப் பார்க்கக் காத்திருந்து, நடந்ததைச் சொன்னேன். தவறு என்னுடையது, அன்று நான் உன்னைப் பார்க்கவே இல்லை, உன்மேல் பழி விழுந்தபோது பேசாமல் நின்றேன், மன்னித்துக்கொள் என்றேன்.

அமுதா சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினார். "இன்னா சார் நீ! கண்ணு தெரிலன்னு அன்னிக்கே சொல்லிருக்கக் கூடாதா? இத்தினி நாளா நீ குடிச்சிட்டு ஓட்டினேன்னு நெனச்சுகினு இருந்தேன்."

அப்படியென்றால் இரண்டு வருஷமாக அவர் என்னைக் குடிகாரன் என்று நம்பியும், யாரிடமும் சொல்லாமல் வணக்கம் வைத்துவந்திருக்கிறார்.

இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன். சால்வையைச் சங்க அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். வேறு யாருக்காவது, உண்மையான காரணத்துக்காகப் போர்த்துங்கள்.

சிஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். சாலையைக் கடக்கும்போதெல்லாம், "கண்ண நம்பாதீங்க சார், கழுத்தத் திருப்புங்க" என்பார். போன சனிக்கிழமை முதல் முறையாகத் தனியே மார்க்கெட்டுக்குப் போனேன். சாலை ஓரத்தில் நின்று, இடப்பக்கம் முழுதாகக் கழுத்தைத் திருப்பினேன். வலப்பக்கமும் அப்படியே. ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. அது போகட்டும் என்று நின்று, பிறகு கடந்தேன்.