கழுவாமல் வைத்த துப்பாக்கி

ஹல்வார்ட் முப்பத்தெட்டு வருஷம் குழாய் வேலை பார்த்தவன். எங்கள் பள்ளத்தாக்கில் அவன் கைபடாத சமையலறை கிடையாது. பிழைப்பு முழுக்கத் துருவோடு மல்லுக்கட்டியவன், பொழுதுபோக்கிலும் அதையே தேடிப் போய்க் கட்டிக்கொண்டான் என்று நாங்கள் கேலி செய்வோம். ஒரு பண்ணை ஏலத்தில் நூற்றெழுபது வயதான துப்பாக்கி ஒன்றை வாங்கி வந்தான். குழலின் வாய்வழியாகக் கருமருந்தைப் போட்டுக் கெட்டிக்கிற பழைய ரகம். குழலைக் கவிழ்த்தால் செந்தூள் கொட்டியது. இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து தேய்த்தான்.

"என் முதுகை ஒரு தடவையாவது இப்படித் தேச்சு விட்டிருக்கியா?" என்று அவன் மனைவி இங்குன் எல்லோர் முன்னிலையிலும் கேட்பாள். அவன் காது சிவந்துவிடும்.

சனிக்கிழமைதோறும் எங்கள் துப்பாக்கிச் சங்கத்தில் இலக்குப் பலகையைக் குறிவைத்துச் சுடுவோம். அரை மணி நேரத்தில் பதின்மூன்று குண்டு. அதில் சிறந்த பத்துதான் கணக்கு. ஆனால் சுடுவதைவிடப் பெரிய வேலை அதற்குப் பிறகு இருக்கிறது. கருமருந்தின் கரி குழலுக்குள் ஒட்டிக்கொண்டு ஈரத்தை இழுக்கும். அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால் மறுநாளே துரு. அதனால் கழுவாமல் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது. இந்த விதியைக் கட்டிக்காப்பவன் நான். வெந்நீர்க் கெட்டில்களும் என் பொறுப்பு. ஒருவன் நழுவப் பார்த்தால் வாசலிலேயே மறித்துவிடுவேன்.

எழுதாத வழக்கம் ஒன்றும் உண்டு. அவனவன் துப்பாக்கியை அவனவனே கழுவவேண்டும். அடுத்தவன் குழலில் கை வைப்பது அடுத்தவன் பல்லைத் துலக்கிவிடுவது மாதிரி.

நான்கு வருஷத்துக்கு முன் ஜூன் மாதம் இங்குன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இதயம் ஓய்ந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி, காரில் ஏரியைச் சுற்றி நாற்பது நிமிஷத் தூரம். மூன்று வாரமாக ஹல்வார்ட் தினமும் அவள் பக்கத்திலேயே இருந்தான். அவள் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் போறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு இரு. வேற ஒண்ணும் வேண்டாம்."

சரி என்று சொல்லியிருந்தான். அந்தச் சனிக்கிழமை அவனைத் துரத்தியதும் அவள்தான்.

"போய்ச் சுட்டுட்டு வா. மூணு வாரமா உன் மூஞ்சியவே பாத்தாச்சு. புகை நாத்தத்தோட வா, இந்த டெட்டால் வாடைக்கு அது எவ்வளவோ தேவலை."

சுடும் இடத்தில் போன் கூடாது. எல்லாப் போனும் சங்கத்துக் குடிசையில் ஒரு தகரப் பெட்டியில் கிடக்கும். பதின்மூன்றாவது குண்டும் முடிந்து அவன் போனை எடுத்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு அழைப்பு வந்திருந்தது. திருப்பி அழைத்துப் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"இன்னைக்கு வந்தா நல்லதுன்னு நர்ஸ் சொல்றாங்க."

"அவசரம்னு சொன்னாங்களா?"

"இல்ல. வந்தா நல்லதுன்னாங்க."

எங்கள் ஊர்க்காரர்கள் வீடு பற்றி எரிந்தால்கூடக் கொஞ்சம் வெக்கையாக இருக்கிறது என்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் அந்த வார்த்தையின் அர்த்தம் புரிந்திருக்கவேண்டும். ஹல்வார்ட் கார் சாவியைப் பார்த்தான். துப்பாக்கியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"என்ன பண்ணட்டும், ஸ்வெரே?"

"தண்ணி கொதிச்சாச்சு. அரை மணி நேர வேலை, கழுவிட்டுக் கிளம்பு. ரெண்டு குளிர்காலம் தேச்சதை ஒரே ராத்திரியில கெடுத்துக்குவியா?"

கழுவினான். அவனுக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியாது. மூன்று முறை வெந்நீர், பிறகு துணி. துணி வெள்ளையாக வரும்வரை குழலுக்குள் விட்டு விட்டு எடுத்தான். கடைசியில் எண்ணெய். நான் பக்கத்தில் நின்று கெட்டிலைச் சாய்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் போய்ச் சேர்ந்தபோது இங்குன் இறந்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. கை இன்னும் சூடாகத்தான் இருந்தது என்று மட்டும் சொன்னான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்த சாவு வீட்டுக் காப்பியின்போது என் தட்டில் அவனே கேக் எடுத்து வைத்தான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயாரத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஆகஸ்டில் மறுபடி வந்தான். பதின்மூன்று குண்டும் சுட்டான். துப்பாக்கியைக் கரியோடு அப்படியே மரச்சட்டத்தில் சாய்த்துவிட்டுக் காரை நோக்கி நடந்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாசலில் மறிக்கிறவன் நான்தானே. அன்றைக்கு விலகி நின்று வழிவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு கெட்டிலை மறுபடி கொதிக்கவைத்தேன். வழக்கமாவது ஒன்றாவது. அவன் துப்பாக்கியை எடுத்துக் கழுவினேன். தண்ணீர் மை மாதிரி கறுப்பாக வந்தது, பிறகு தெளிந்தது. எண்ணெய் போட்டுச் சங்கத்து அலமாரியில் பூட்டி வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். கழுவ ஆரம்பித்து இருபத்தைந்து நிமிஷம்.

அடுத்த சனிக்கிழமை வந்து துப்பாக்கியை எடுத்தான். குழலுக்குள் வெள்ளைத் துணியை விட்டு இழுத்துப் பார்த்தான். ஒரு பொட்டு அழுக்கில்லை.

"யார் கழுவினது?"

"நான்தான்."

திட்டப்போகிறான் என்று நினைத்தேன். துணியை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"உனக்கு இது முடியும்னா, அன்னிக்கே கழுவியிருக்கலாமே, ஸ்வெரே."

சுடும் இடத்துக்குப் போய் மருந்து கெட்டிக்க ஆரம்பித்தான். அன்றிலிருந்து இந்த நான்கு வருஷமாக அவன் சுடுகிறான், சாய்த்து வைக்கிறான், போகிறான். நான் கழுவுகிறேன்.