பல்லடத்தில் பெய்த பனி

ஆடிக் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அக்கா என்னிடம் கேட்டாள்: "கண்ணு, பனி விழுந்தா சத்தம் கேக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. நாங்கள் இருவருமே பனியைப் பார்த்ததில்லை. நான் ரயிலில் ஈரோட்டைத் தாண்டிப் போனதே கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டிலிருந்த என்னை அக்காதான் வேலைக்குக் கூப்பிட்டாள். தூரத்து உறவு. அவள் வீட்டுக்காரருக்குப் பல்லடத்தில் தறி ஓடியது; அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மெத்தை விரிப்பு, பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய்ப் போர்வை, தலையணை எல்லாம் செய்தார்கள். அவற்றை இன்டர்நெட்டில் வெளிநாட்டுக்கு விற்கலாம் என்பது அக்காவின் யோசனை. சரவணம்பட்டியில் அவர்கள் வீட்டு மாடியறைதான் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன் லைன், ஜன்னலுக்கு வெளியே சோளக்காடு. மோடம் கீச்சிட்டு இணைந்ததும் எங்கள் வெப் பக்கம் மேலிருந்து கீழாக, வரிவரியாக விரியும். அதற்குள் அக்கா ஒரு டம்ளர் காபி குடித்து முடித்துவிடுவாள்.

ஊரெல்லாம் ஆடித் தள்ளுபடி நடந்துகொண்டிருக்க, நாங்கள் மட்டும் கிறிஸ்துமஸுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். பார்சல் கப்பலில் போய்ச் சேர மாசக்கணக்காகும். இப்போதே ஆரம்பித்தால்தான் உண்டு. ஒரு ரஜாய் வாங்கினால் இரண்டு தலையணை உறை இலவசம் என்று முடிவு செய்தோம். ஆனால் வெப் பக்கத்தில் போடப் படம் வேண்டுமே. அக்காவுக்குப் படத்தில் பனி இருந்தாக வேண்டும்.

சாப்பிட வந்த அண்ணனிடம் சொன்னாள். "ஏனுங்க, நம்ம குடோன்ல இலவம் பஞ்சு மூட்டை இருக்குதுங்களே. அதை விரிச்சுப் போட்டா பனி மாதிரி இருக்காதுங்களா?"

"தலையணைக்கு வெச்ச பஞ்சை வாரி எறைக்கறதுக்கா அம்மணி?" என்றார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவரே கேமராவுக்குப் புது ரோல் போட்டு எடுத்துவந்தார்.

பல்லடத்துக் குடோன் தரையெல்லாம் பஞ்சைப் பரப்பினோம். கிறிஸ்துமஸ் மரமென்று ஒரு சவுக்குக் கிளையை வெட்டி வந்து பெயின்ட் டப்பாவில் நட்டோம். சிவப்பு ரஜாயை அதனடியில் மடித்து வைத்தோம். அண்ணன் கேமராவைக் கண்ணில் வைத்து, "வெளிச்சம் பத்தல. அந்தக் கதவைத் தொறம்மா" என்றார். நான் திறந்தேன்.

பல்லடத்துக் காற்று அப்படியே உள்ளே வந்தது.

பஞ்சு மொத்தமும் எழுந்தது. தரையிலிருந்து, மூலைகளிலிருந்து, சத்தமில்லாமல் மேலே போய், கூரை வரைக்கும் மிதந்து, மெல்லச் சுழன்று இறங்கியது. தறிக்காரப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். அக்காவின் தலையில், புருவத்தில், சேலை மடிப்பில் எல்லாம் வெள்ளை. அவள் உள்ளங்கையை நீட்டி ஒரு துணுக்கு வந்து உட்காரும்வரை காத்திருந்தாள். அந்த நேரத்தில் நான் எந்த ஊரில் இருந்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அண்ணன் ரோல் தீரும்வரை படம் எடுத்தார்.

படத்தைக் கழுவி, ஸ்கேன் செய்து பக்கத்தில் ஏற்றினோம். பார்த்தவர்கள் எழுதினார்கள், அது எந்த ஊர்ப் பனி என்று. ரஜாய் மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் லைன் விட்டுவிட்டுக் கிடைத்த ஒரு நாள், ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பெண்மணி எழுதியிருந்தார். உங்கள் படம் அழகு, ஆனால் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் வருவது கோடையில், ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்குவோம், மெல்லிசாக ஏதாவது இருக்கிறதா என்று. நான் தமிழில் சொன்னதும் அக்கா கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிசம்பர்லயா வெயிலு?"

"ஆமாங்கக்கா. பள்ளிக்கூடத்துல படிச்சதுதானுங்க. தோணவே இல்லீங்க."

அண்ணன்தான் சொன்னார். "நாம சித்திரையில மொட்டை மாடியில போத்திப் படுக்கற மெல்லிசுத் துப்பட்டி இருக்குதே. அதைக் காட்டுங்க."

மழை விட்ட காலையில் மாடிக் கொடியில் துப்பட்டிகளைக் காயப்போட்டு, வெயில் அவற்றுக்குள் புகுந்து வரும்போது படம் எடுத்தோம். 'கோடைக் கிறிஸ்துமஸ்' என்று இன்னொரு பக்கம் வந்தது. இந்த முறை அவசரத்துக்கு விமானத் தபால்தான். அந்தப் பெண்மணி வாங்கினார், அவருடைய தங்கை வாங்கினார், அவர்கள் தெருவில் யார் யாரோ வாங்கினார்கள். சணல் துணியில் பார்சல் தைத்துத் தைத்து என் விரல் நுனி காய்த்துப்போனது. ரஜாய்களில் பாதி ஊட்டி வியாபாரி ஒருவருக்குப் போனது.

மார்கழி கடைசியில் அந்த ஆஸ்திரேலியப் பெண்மணியிடமிருந்து மறுபடி ஒரு ஈமெயில் வந்தது. காலை நேரம், சோளம் அறுத்த காட்டில் மூடுபனி நின்றது. அக்கா சால்வையைக் காதோடு சேர்த்துப் போர்த்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அவர்கள் ஊரில் ராத்திரியும் புழுக்கமாம். வராந்தாவில் கட்டில் போட்டு, எங்கள் துப்பட்டியைப் போர்த்திப் படுத்தாராம். கடல் சத்தம் கேட்டதாம். துணியில் புது நூல் வாசனை இன்னும் இருந்ததாம்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொருக்கா சொல்லு கண்ணு," என்றாள். "மெதுவா."