வழுக்காத கல் தேடிய அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரைப் படகோடும் வலையோடும்தான் அறிந்திருப்பீர்கள். கரையில் அவர் தனியாக இருந்த கடைசி ஆண்டுகளைப் பற்றி, உடன்பிறந்த ஒரே தங்கையாகிய நான் எழுத வேண்டும் என்றார்கள். எனக்கும் அதில் பாதிதான் தெரியும்.

அண்ணன் பட்டினச்சேரியில் பிறந்தவர். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு மாமாவின் படகில் ஏறினார். என்னைப் படிக்கவைத்து, நர்ஸாக்கி, திருச்சியில் கட்டிக்கொடுத்த பிறகே தாம் கல்யாணம் செய்துகொண்டார். அண்ணிக்கும் அவருக்கும் குழந்தை இல்லை. அதைச் சொல்லி ஒருவரை ஒருவர் நொந்துகொண்டதை நான் கேட்டதில்லை.

சொந்த வீடு கட்டியபோது சமையலறைக்குப் பளபளப்பான வெள்ளை டைல்ஸை அண்ணனே தேர்ந்தெடுத்தார். தினமும் மீன் கழுவுகிற வீடு. தரை காயவே காயாது.

"கொஞ்சம் சொரசொரன்னு இருந்தா தேவலைங்க" என்று அண்ணி சொல்லியிருக்கிறார்.

"பாக்க அழகா இருக்க வேணாமா?" என்று அண்ணன் கேட்டிருக்கிறார்.

ஒரு மழைக்காலத்தில் அண்ணி அந்தத் தரையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. எட்டு மாதம் அண்ணன் கடலுக்குப் போகாமல், அவரைத் தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டார்.

அண்ணி போன பிறகும் அவர் கடலுக்குத் திரும்பவில்லை. அந்தத் தரையை மாற்ற வேண்டும் என்பதே பேச்சாக இருந்தது. பஸ் ஏறிக் காரைக்காலில் உள்ள கல் கடைக்குப் போவார். கற்களின் மேல் தண்ணீர் ஊற்றச் சொல்லி, வெறுங்காலோடு ஒவ்வொன்றிலும் நடந்து பார்ப்பார். துண்டுக் கற்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்து மஞ்சள், புளித்தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் என்று ஊற்றி வைப்பார். முடிவை எனக்குப் போனில் சொல்வார்.

"மார்பிள்ல மஞ்சக் கறை ஏறிடுச்சு தங்கச்சி. கடப்பாக் கல்லுல புளி பட்ட எடம் வெளுத்துப் போச்சு. கிரானைட்ல ஒண்ணும் ஏறல. ஆனா பாலீஷ் போட்டது வழுக்குது. பாலீஷ் போடாதது வரவழைச்சுத் தர்றேங்கிறாங்க."

ஒருநாள் வார்டில் வேலை நெருக்கடி. "இனிமே யாருக்குண்ணே இவ்வளவு பாக்குறீங்க? ஏதாவது ஒண்ணைப் போட்டு முடிங்க" என்று சொல்லிவிட்டேன்.

"நீ வருவல்ல" என்றார் அண்ணன்.

பொங்கலுக்கு வருவதாகச் சொன்னேன். விடுப்பும் கிடைத்தது. மாமியார் வீட்டில் விசேஷம் என்று அங்கே போய்விட்டேன்.

சாம்பல் நிறத்தில், பாலீஷ் போடாத கிரானைட் வந்தது. போலகத்துக் கொத்தனார் நான்கு நாளில் பதித்துக் கொடுத்தார். அண்ணன் போட்டோ அனுப்பினார். "நல்லா இருக்குண்ணே" என்று ஒரு வரி பதில் அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்து, காலையில் மீன் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா, அண்ணன் நாற்காலியில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. அன்று மதியம்தான் அந்தத் தரையில் நான் முதன்முதலாகக் கால் வைத்தேன். யாரோ தண்ணீரைச் சிந்தியிருந்தார்கள். கால் வழுக்கவில்லை.

நான் வந்து சேரும்வரை அண்ணன் பக்கத்தைவிட்டு நகராத மல்லிகா அக்காவுக்கும், அன்று கடலுக்குப் போகாமல் நின்ற படகுக்காரர்களுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய மாமா மகன்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கொத்தனாருக்கும் நன்றி சொல்ல வேண்டும். கருமாதிக்கு வந்தவர் என்னிடம் சொன்னார்:

"வேலை முடிஞ்ச மறுவாரம் அண்ணன் போன் பண்ணாங்க. ஒரு கல்லு ஆடுது, வந்து பாருங்கன்னாங்க. போயி எல்லாத்தையும் தட்டிப் பாத்தேன், எதுவும் ஆடல. அவுங்க டீ போட்டு ரெண்டு டம்ளர் எடுத்து வச்சிருந்தாங்க. அப்புறமும் அப்பப்பக் கூப்பிடுவாங்க. போவேன், தட்டிப் பாப்பேன்."

கல் ஆடவில்லை என்று அவர் ஒருநாளும் அண்ணனிடம் சொல்லவில்லையாம். நான் போய் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து, எங்கள் அண்ணன் போட்ட டீயை அவர் குடித்திருக்கிறார்.