மூன்றாம் துளையில் சிவப்புப் பொட்டு

என் கருவிப் பெட்டியில் ஒரு நகப்பூச்சுக் குப்பி இருக்கிறது. நல்ல சிவப்பு. மிசிசாகாவில் நான் வேலை செய்யும் பட்டறையில் இதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. சிரித்துவிட்டுப் போகட்டும். காய்ந்துபோனால் அதே நிறத்தில் இன்னொன்று வாங்கிவைப்பேன். முதலாவது குப்பி என் மச்சாளுடையது. மனைவியின் அக்கா. தன் நகத்தில் ஒரு சொட்டுக்கூடப் பூசியறியாதவர்.

அப்போது அஜின்கோர்ட்டில் எங்கள் ஆள் ஒருவர் பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். மெக்கானிக் வேலை மச்சாளுக்கு. நான்கு மாதம் முன்புதான் என்னையும் அங்கே சேர்த்துவிட்டிருந்தார். வண்டியின் பின் கிளச்சுக்குள் ஒரு தடித்த ஸ்பிரிங் உண்டு. அதை எவ்வளவு முறுக்கி எந்தத் துளையில் மாட்டுவது என்பது வண்டி போகும் இடத்தைப் பொறுத்தது. உறைந்த ஏரியில் ஓட இறுக்கம் குறைவாக இருக்கலாம், சட்டென்று வேகம் பிடிக்கும். ஆழமான புதுப்பனியில் அப்படி விட்டால் கிளச்சைச் சுற்றி ஓடும் பெல்ட் வழுக்கி, சூடேறிக் கருகிவிடும். அதற்கு இறுக்கம் கூடிய மூன்றாம் துளை. மச்சாள் ஒவ்வொரு வண்டியிலும் அந்தத் துளையருகே நகப்பூச்சால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்திருந்தார். வேலை முடிந்ததும் வண்டியின் சோதனை அட்டையில் கையெழுத்து. அது இல்லாமல் வண்டி வெளியே போகாது.

ஒரு சனிக்கிழமை காலை மூன்று வண்டிகள் வடக்கே காட்டுப் பக்கம் போக இருந்தன. முதல் நாள் முழுக்கப் பனி கொட்டியிருந்தது. மூன்றிலும் ஸ்பிரிங் ஏரிக்கான துளையில் இருந்தது; மூன்றாம் துளைக்கு மாற்ற ஒரு மணித்தியாலம் வேண்டும் என்றார் மச்சாள். முதலாளி கேட்கவில்லை.

"போன கிழமை நீர் இறுக்கினதில வண்டி ஓடுதில்லையெண்டு சனம் என்னைப் பேசினது. இருக்கிற மாதிரி விட்டிட்டுக் கையெழுத்தைப் போடும்."

"ஏரிக்கெண்டா போடுவன், அண்ணை. இது காட்டுக்குப் போகுது. ஸ்பிரிங்கை மாத்தாமல் என்ரை பேர் உதில விழாது."

முதலாளி அட்டைகளை என் பக்கம் திருப்பினார். "நீர் போடும் தம்பி." நான் போட்டேன். மூன்றிலும் போட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம். மச்சாள் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

அன்று பின்னேரம் இரண்டு வண்டிகளின் பெல்ட் கருகியது. போனவர்கள் பனிக்குள் நடந்தே தெருவுக்கு வந்தார்கள். ஒரு பெண்ணுக்குக் கால்விரல்கள் விறைத்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை முதலாளி அட்டைகளை என் முன்னால் எறிந்தார். "பாத்துத்தானே போட்டனீர்?"

மச்சாள் கிளச்சைத் திறந்து காட்டினார். பொட்டு வைத்த துளை வெறுமையாக இருந்தது. "அவனை ஏன் பேசுறியள்? நான் போடமாட்டன் எண்டதாலதானே அவனிட்டைப் போனனீங்கள்." அத்தோடு தன் கருவிகளை எடுத்துக்கொண்டு வெளியேறினார். நானும் பின்னால் போனேன். காரில் வீட்டுக்கு வந்தோம். இறங்கும்போது குப்பியை என் கையில் வைத்தார்.

"உன்ரை பேரை ஏன் கேட்ட உடனை குடுத்தனி?"

 அந்த வெட்கம் இன்றும் இருக்கிறது, அதை மறைக்கவும் விருப்பமில்லை. மச்சாள் அதன்பிறகு தன் வீட்டுக் கராஜில் வண்டி திருத்தினார், தனக்குச் சரியென்று பட்ட துளையில் மட்டும் மாட்டினார். அவர் காலமாகி மூன்று வருடங்கள்.

இன்று காலை எங்கள் புது மனேஜர் கையெழுத்துக்காக டப்லெட் திரையை நீட்டினான். என் மகன் வயதுப் பொடியன். ஸ்னோமொபைல் ஒன்று வடக்கே காட்டுக்குப் போகிறது, ஸ்பிரிங் ஏரிக்கான துளையில்.

"ஜஸ்ட் சைன் பண்ணுங்கோ அங்கிள், வண்டியை ஏத்த ட்ரக் நிக்குது."

"மாத்தாமல் போடமாட்டன்."

"அப்ப வேற ஆளிட்டை வாங்கிறன்."

"போய்க் கேளும். இஞ்சை ஒருத்தரும் போடமாட்டினம். ஒவ்வொருத்தரா எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறன்."

போய்ப் பட்டறை முழுக்கக் கேட்டான். கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தான். நான் குப்பியைத் திறந்து மூன்றாம் துளையருகே பொட்டை வைத்துவிட்டு, ஸ்பிரிங்கைக் கழற்றத் தொடங்கினேன். ட்ரக் நிற்கட்டும்.