காக்காவின் கைகள் கேட்ட துஆ

நான் காக்கா என்று அழைத்த என் அண்ணன் எங்களைப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்தச் சிறப்பு மலரை வாங்கிப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர்களை மீன்பிடித் துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுது பார்த்தவராகத் தெரியும். பிறவியிலேயே காது கேளாத, வாய் பேசாத மனிதராகத் தெரியும். அவர்கள் கையேந்தி இறைவனிடம் துஆ கேட்டதைக் கூடவே இருந்து பார்த்தவர்கள் குறைவு. நான் பார்த்தவள். உடன்பிறந்த ஒரே தங்கையாக அதை எழுதி வைக்க ஆசைப்படுகிறேன்.

காக்கா பிறந்தது காயல்பட்டினத்தில். வாப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததும் குடும்பம் முத்தையாபுரத்துக்கு வந்தது. நான் பிறந்தது இங்கேதான். காக்காவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது, முதுகுக்குப் பின்னால் தாம்பாளம் விழுந்து உருண்டும் அவர்கள் திரும்பிப் பார்க்காததைக் கண்டு உம்மா விஷயத்தைப் புரிந்துகொண்டார்களாம். பிற்பாடு காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்தார்கள். துஆவைச் சொல்லிக்கொடுத்தது உம்மாதான்.

கை, முகம், கால் கழுவி உளூச் செய்யவைத்து, மக்கா இருக்கும் கிப்லாத் திசையை நோக்கி உட்காரவைத்து, பிள்ளையின் இரண்டு கைகளையும் நெஞ்சளவுக்கு ஏந்தவைப்பார்கள். ஆட்காட்டி விரலை மேலே காட்டிக் கைகளை விரித்தால் அல்லாஹ்வுக்கே புகழ். விரல் நுனிகளை முத்தமிட்டு நெஞ்சில் வைத்தால் நபி (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்து என்ற வாழ்த்து. நெஞ்சில் மெல்லத் தட்டினால், தவறு செய்துவிட்டேன், மன்னித்துவிடு. அதற்குப் பிறகுதான் தேவையைக் கேட்க வேண்டும். "புகழாம, ஸலவாத்துச் சொல்லாம நேராப் போய் எனக்கு இது வேணும்னு கேக்கப்படாது. யாருக்கும் கெடுதி கேக்கப்படாது" என்று உம்மா என்னிடம் வாயால் சொல்வதையே காக்காவிடம் கையால் சொல்வார்கள். கடைசியில் இரு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டால் முடிந்தது.

யாருக்காகக் கேட்கிறோம் என்பதற்குக் காக்கா தாமே அடையாளங்கள் வைத்துக்கொண்டார்கள். வாப்பாவுக்குத் தாடி. உம்மாவுக்கு முக்காடு. எனக்கு மோவாயில் இருக்கும் மச்சம்.

அவர்களுக்கு இருபது வயதிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் துஆ கேட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் அவர்கள் கைகளைப் பிடித்து அமுக்கி, "ஏலே, துஆ ஓதுத நேரத்துல கைய வச்சு என்னலே வெளையாட்டு?" என்று அதட்டிவிட்டார். கண்டவர்கள் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். காக்கா பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, ஒரு கையால் மறு கையின் மணிக்கட்டை இறுக்கிக் காட்டினார்கள். பிறகு தம் வாயைப் பொத்திக் காட்டினார்கள்.

உம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிவாசலின் மார்க்க அறிஞரான ஆலிம்சா வீட்டுக்குப் போனார்கள். "எம்புள்ளைக்குக் கைதான் நாக்கு. அவன் கேக்கது துஆ இல்லியா?"

ஆலிம்சா உம்மாவை உட்காரச் சொன்னார்கள். பிறகு, "துஆ கேக்கும்போது சத்தம் போட்டவங்களப் பார்த்து, நீங்க அழைக்கிறவன் செவிடனும் இல்ல, தூரத்துல இருக்கறவனும் இல்லன்னு நாயகம் சொன்னாங்கம்மா. ஒங்க புள்ள அந்தத் தப்ப ஒருநாளும் செய்யமாட்டான்" என்றார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பெரியவரையும் அழைத்துக்கொண்டு ஆலிம்சா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெரியவர் காக்காவின் இரு கைகளையும் எடுத்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார். காக்கா சட்டையை மாட்டிக்கொண்டு அவரோடேயே தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

தொழிலில் காக்காவுக்கு நல்ல பெயர். ஓடும் இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தே கோளாறைக் கண்டுபிடிப்பார்கள். "எங்களுக்குச் சத்தம் கேக்கும், கோளாறு தெரியாது. அவருக்குச் சத்தம் கேக்காது, கோளாறு தெரியும்" என்று புன்னைக்காயல் படகுக்காரர் ஒருவர் என் கணவரிடம் சொல்லிச் சிரிப்பாராம். வந்த சம்பந்தங்கள் கூடிவராமல் போனதால் காக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாப்பாவும் உம்மாவும் மவுத்தான பின் எங்களோடுதான் இருந்தார்கள்.

எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடமாகியும் பிள்ளை இல்லை. ஒருநாள் மாலை அஸர் தொழுதுவிட்டுக் காக்காவிடம், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, இனிமேல் கேட்கப்போவதில்லை என்று கையால் சொன்னேன். என்மேல் கோபமே படாத காக்கா அன்று கோபப்பட்டார்கள். கேட்டேன், கிடைக்கவில்லை என்று பாதியில் எழுந்துபோகிற அவசரம் கூடாது என்று விரல்களைக் காற்றில் வெட்டி வெட்டிச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவர்கள் துஆவில் என் மச்சம் வரும். அதன் பின்னாலேயே தொட்டில் வரும். அவர்கள் கேட்பதைப் பார்ப்பது ஒட்டுக்கேட்பதற்குச் சமம்தான். தெரிந்தேதான் கதவோரம் நின்று பார்ப்பேன்.

எனக்கு நாற்பது தாண்டிய பிறகு ஒருநாள் மச்சம் வந்தது, தொட்டில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. உள்ளே போய் அவர்கள் தோளை உலுக்கினேன். "நீங்களும் விட்டுட்டீங்களா காக்கா?" என்று கையால் கேட்டேன்.

இல்லையென்று தலையசைத்தார்கள். 'நீ பார்த்தால் அழுகிறாய். அதனால் துறைமுகத்தில் வைத்துக் கேட்கிறேன்' என்றார்கள்.

பிள்ளை பிறக்கவில்லை. அத்தனை வருடத்து துஆ எங்கே சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அல்லாஹ்வே அறிவான். எனக்காக ஒருவர் என் கண்ணில் படாத இடத்தில் கையேந்திக்கொண்டிருக்கிறார் என்ற தெம்பில்தான் நான் அந்த வருடங்களைக் கடந்தேன். இந்த ஓராண்டாக அந்தத் தெம்பைத்தான் தேடுகிறேன்.

போன வருடம் காக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. இடக்கையும் நடுங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அஸர் நேரத்தில், காக்கா கிப்லாப் பக்கம் பார்த்தார்கள், தம் கையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. உளூச் செய்துவிட்டு வந்து, அவர்கள் கண்ணில் படும்படி உட்கார்ந்து, அவர்களுக்காக என் கைகளால் கேட்க ஆரம்பித்தேன். பதற்றத்தில் புகழ்ந்த கையோடு சுகத்தைக் கேட்டுவிட்டேன். காக்கா கண்ணை இறுக மூடித் தலையை ஆட்டினார்கள். ஸலவாத்தை விட்டிருந்தேன்! மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

சுகம் கேட்டு முடித்ததும், இடக்கையை இழுத்து இழுத்து உயர்த்தித் தம் மோவாயைத் தொட்டார்கள். உனக்கும் கேள் என்றார்கள். கேட்டேன். அவர்கள் கையை நானே எடுத்து அவர்கள் முகத்தைத் தடவிவிட்டேன். அதற்கு நாலாம் நாள் விடியற்காலை ஸுபுஹுத் தொழுகைக்குப் பிறகு காக்கா கண்மூடினார்கள்.

மருந்தும் உணவும் கொண்டுவந்து எங்களைத் தாங்கிய அண்டை வீட்டாருக்கும், அடக்கத்தன்று கடலுக்குப் போகாமல் வந்து நின்ற புன்னைக்காயல் படகுக்காரர்களுக்கும், மருத்துவர்களுக்கும், ஜமாஅத்தாருக்கும் நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நற்கூலி தருவானாக. காக்காவின் பிழைகளைப் பொறுத்து அவர்களுக்குச் சுவனத்தைத் தர துஆச் செய்யுங்கள்.

இன்னும் ஒன்று. அடக்கம் முடிந்ததும் கப்ரடியில் ஆலிம்சா துஆ ஓதி நிறுத்திய பிறகும், காக்காவோடு பள்ளிக்கூடத்தில் படித்த காது கேளாத நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கையால் கேட்டுக்கொண்டே நின்றார்களாம். கடைசி ஆள் முகத்தைத் தடவும்வரை ஆலிம்சா உட்பட ஒருவரும் நகரவில்லை என்று என் கணவர் வந்து சொன்னார்கள். பெண்பிள்ளையாகையால் நான் வீட்டில் இருந்தேன். அன்று அங்கே நின்றவர்களுக்கும் இந்த மலர் வந்து சேரும். இந்தப் பக்கம் வரும்போது எங்கள் வீட்டுக்கு வாருங்கள். காக்காவுக்காக என்ன கேட்டீர்கள் என்று எனக்கு ஒருமுறை கையால் காட்டிவிட்டுப் போங்கள்.